ராட்டர்டாமில் ஒரு நாள்: எதற்கு டிக்கெட் எடுக்கலாம், எதை வாசலோடு விடலாம்

நெதர்லாந்தின் டெல்ஃப்டில் கட்டடக்கலை படிக்கிறேன். நண்பர்கள் யார் வந்தாலும் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்தான் வேண்டும் என்பார்கள். நான் ராட்டர்டாமுக்கு இழுத்துக்கொண்டு போவேன். டெல்ஃப்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் போட்ட குண்டுகளில் நகரின் நடுப்பகுதி எரிந்து தரைமட்டமானது. இருந்ததை அப்படியே திரும்பக் கட்டாமல், புது நகரம் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியா என்று எங்கள் வகுப்பில் இன்றும் சண்டை நடக்கும். ஆனால் மாணவர்களுக்கு லாபம்தான்: வேறு வேறு காலத்துப் பரிசோதனைகளை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

இறங்கும் இடத்திலேயே கணக்குத் தொடங்கிவிடும். 2014இல் திறந்த சென்ட்ரால் நிலையத்தின் கூரை நகரத்தைப் பார்த்துச் சரிந்து நிற்கும். வெளியே வந்ததும் திரும்பி முகப்பைப் பாருங்கள். கடிகாரமும் பெயர்ப்பலகை எழுத்துகளும் இடித்த பழைய நிலையத்துடையவை. டிக்கெட் இல்லை, பத்து நிமிடம் போதும்.

அடுத்து எல்லோரும் போகிற கனசதுர வீடுகள். பீட் ப்ளோம் வடிவமைத்து 1984இல் முடிந்தவை. ஆறுபட்டைத் தூண்களின் மேல் மஞ்சள் பெட்டிகளைச் சாய்த்து, ஒரு முனை தரையைப் பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார். அவர் எண்ணத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு மரம், மொத்தமும் சேர்ந்தால் காடு. கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்த எண்ணம் நன்றாகவே புரிகிறது. பார்வையாளருக்காகத் திறந்திருக்கும் ஒரு வீட்டுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், பெரிய தொகையும் இல்லை. இருந்தாலும் என் தீர்ப்பு: கட்டடக்கலை படிப்பவர் போகலாம், மற்றவர்களுக்கு முற்றமே போதும். உள்ளே ஏறினால் தெரிவது ஒன்றுதான், சாய்ந்த சுவர் தின்னும் இடம். சுமார் 100 சதுர மீட்டரில் கால்வாசி எதற்கும் உதவாது. பீரோவை எங்கே வைப்பது என்று எங்கம்மா கேட்டால் ப்ளோமிடம் பதில் இருக்காது.

எதிரிலேயே மார்க்ட்ஹால். 2014, எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வேலை. வளைந்த கூரையே குடியிருப்பு. 228 வீடுகள் அந்த வளைவுக்குள் இருக்கின்றன, நடுவில் சந்தை. உள்பக்க வளைவு முழுக்கப் பழமும் மீனும் பூவுமாக ராட்சத ஓவியம். அண்ணாந்தபடி நடந்தால் யார் மீதாவது இடிப்பீர்கள். சாப்பாடு மட்டும் மாணவர் பர்சுக்கு ஆகாது. செவ்வாய், சனிக்கிழமைகளில் வாசலுக்கு வெளியே திறந்தவெளிச் சந்தை கூடும். அங்கே மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுகள், கிபலிங், வாங்கிச் சுடச்சுடத் தின்றுவிட்டு, அருங்காட்சியகங்கள் சூழ்ந்த ம்யூசியம்பார்க் பூங்கா பக்கம் நடையைக் கட்டுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். முதலில் டெப்போ. போய்மன்ஸ் அருங்காட்சியகத்தின் கிடங்கு, 2021இல் திறந்தது, இதுவும் எம்விஆர்டிவிதான். 1,664 கண்ணாடித் துண்டுகள் போர்த்திய பெரிய கிண்ணம் போலிருக்கும். படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம், உள்ளே போங்கள். கலைப்பொருள்களை இங்கே ஓவியர் பெயராலோ நூற்றாண்டாலோ பிரித்து வைக்கவில்லை. எந்தப் பொருளுக்கு எந்தக் குளிர்ச்சியும் ஈரப்பதமும் வேண்டுமோ, அதன்படி வைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சமும் தொடர்பில்லாத படங்கள் அக்கம்பக்கமாகத் தொங்கும். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் படிக்கட்டுகள். உயரம் என்றால் பயப்படுபவர்கள் லிஃப்டில் போவது உத்தமம்.

நான் அழைத்துப் போனவர்களில் பெரும்பாலோர் மறக்காமல் பேசுவது பக்கத்திலுள்ள சோனவெல்ட் இல்லத்தைத்தான். காபி, தேயிலை, புகையிலை தயாரித்த வான் நெல்லே தொழிற்சாலையின் இயக்குநர்களில் ஒருவரான சோனவெல்ட், தன் ஆலையைக் கட்டிய பிரிங்க்மன், வான் டெர் ஃப்ளுக்ட் இருவரிடமே வீட்டையும் ஒப்படைத்தார். 1933இல் குடும்பம் குடிபுகுந்தபோது பழைய வீட்டுச் சாமான்களைக் கொண்டுவரவில்லை. கிஸ்பன் நிறுவனத்தின் எஃகுக் குழாய் நாற்காலிகள், விளக்குகள் என்று எல்லாம் புதுசு. தரைத்தளத்தில் இரண்டு மகள்களுக்கென ஓர் அறையும் பணிப்பெண்களின் அறைகளும். அதற்கு மேலே நீளமான ஜன்னல் வரிசையோடு கூடம். நகரும் தடுப்பை இழுத்தால் நூலக அறை தனியாகிவிடும். மேல்மாடியில் படுக்கையறைகள். பெற்றோரின் குளியலறையில் ஷவருக்குப் பத்து வாய்கள். தலைக்கு மேல் மட்டுமல்ல, பக்கவாட்டிலிருந்தும் தண்ணீர் பீச்சும். 1933இல்! ‘நவீன வாழ்க்கை’ என்று பாடப்புத்தகத்தில் படித்த சொல் எனக்கு உறைத்தது அந்தக் குளியலறையில்தான். வெளியே வெள்ளைப் பெட்டி, உள்ளே பணக்காரக் குடும்பத்தின் சுகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்துக் கட்டடக்கலை விளங்கும்.

பக்கத்திலுள்ள கட்டடக்கலை, வடிவமைப்பு அருங்காட்சியகமான நியூவ இன்ஸ்டிட்யூட்டின் டிக்கெட்டிலேயே இந்த வீடும் அடங்கும். நாட்டின் பல அருங்காட்சியகங்களுக்கும் செல்லும் வருடாந்திர அட்டையான ம்யூசியம்கார்ட் இருந்தால் டெப்போவுக்கும் தனியாகக் காசு வேண்டாம். வருடம் முழுக்க இங்கே இருக்கிற மாணவர்கள் அதை வாங்கிவிடுவது நல்லது. திங்கட்கிழமை போகாதீர்கள், இரண்டுமே மூடியிருக்கும். சந்தையும் வேண்டுமென்றால் சனிக்கிழமை. கால் வலிக்காதவர்கள் மாலையில் எராஸ்மஸ் பாலத்துக்கு டிராம் பிடிக்கலாம். வான் நெல்லே தொழிற்சாலை 2014 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது நகருக்குச் சற்று வெளியே, உள்ளே பார்க்க வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அதை இதே நாளில் திணிக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.