நிழல் போட வாஷா, கிளேஸா, வெட் பிளெண்டிங்கா?

28 மி.மீ. மினியேச்சர் பொம்மை உருவத்தின் மேல் விழும் அறை வெளிச்சம் கண்ணில் படும்படி நிழல் தராது. நிழலையும் வண்ணத்தால்தான் போட்டாக வேண்டும். எந்த முறை சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்துக்கு?

சங்கிலிக் கவசம், ரோமம், பின்னல் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், வாஷ்தான். நீர்த்த வண்ணம் தானே ஓடிப் பள்ளங்களில் தங்கிவிடும். காய்ந்ததும் மேடுகளில் லேசாக டிரை பிரஷ் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த பிரஷ்) தேய்த்தால் வேலை முடிந்தது. ஆனால் அதே வாஷை அகலமான மேலங்கியில் ஊற்றினால், காயும்போது நிறமி ஓரத்துக்கு ஒதுங்கி, வளையம் வளையமாகக் கறை விழும். மொத்தமாகப் பூசாமல் மடிப்புக்குள் மட்டும் விடுங்கள். தேங்கிய இடத்தில் உலர்ந்த பிரஷ் நுனியை வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். 2019இல் வந்த சிட்டாடல் பிராண்டின் கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் அடிப்பூச்சையும் நிழலையும் ஒரே பூச்சில் தருகின்றன. படை படையாக உருவங்களைப் பூச வேண்டியவர்களுக்கு அது வரம்தான். சமதளத்தில் மட்டும் அங்கேயும் இதே தொல்லை.

வெட் பிளெண்டிங் பார்க்க மாயம் போல இருக்கும். இரண்டு வண்ணங்களை ஈரமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சேருமிடத்தைக் குழைப்பது. அக்ரிலிக் சீக்கிரம் காயும் என்பதுதான் சிக்கல். பாதி காய்ந்த பூச்சைப் பிரஷ் தொட்டால் ஆடை போல உரிந்து வரும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு துளி கலந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பெரிய மேலங்கிக்குச் சரி, முகத்துக்கு வேண்டாம். அவ்வளவு சின்ன இடத்தில் குழைக்க ஏது இடம்?

என் ஓட்டு லேயரிங்குக்கும் கிளேஸுக்கும். பொறுமை வேண்டும், ஆனால் தவறினால் திருத்திக்கொள்ளலாம்; வெட் பிளெண்டிங்கில் அந்தச் சலுகை கிடையாது. முதலில் லேயரிங்: மூன்று நான்கு படிகளில் நிறத்தை வெளுப்பாக்கிக்கொண்டே போகலாம். படிகளுக்கு இடையே கோடு தெரிந்தால் தெரியட்டும். அப்புறம் கிளேஸ்: இடைப்பட்ட நிறத்தை நன்றாக நீர்த்துக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். இங்கேதான் பலர் வாஷ் போலத் தளும்பத் தளும்பப் பூசிவிடுகிறார்கள். பிரஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். தேங்காமல் மெல்லிய படலம் மட்டும் படியும். இழுப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் நிறமி அதிகம் சேரும். அதனால் நிழல் போடும்போது வெளிச்சத்திலிருந்து நிழல் பக்கமாக இழுங்கள். வெறும் தண்ணீரே அதிகமானால் பூச்சின் பிடிப்பு போய்விடும், மேட் மீடியமும் (நிறமியில்லாத, பளபளக்காத பிணைப்புத் திரவம்) சேர்ப்பது நல்லது. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் அடியில் இருப்பதும் கிளம்பி வரும்.

காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்? டாங்கி, டிராகன் இறக்கை மாதிரிப் பெரிய பரப்புக்கு அதை மிஞ்ச ஆளில்லை. கண் இமைக்குக் கீழே நிழல் போட மறுபடி பிரஷைத்தான் எடுக்க வேண்டும்.