பழைய லாம்ப்ரெட்டாவுக்கு ஆன்லைனில் பாகம் வாங்கும் முன் இதைப் படியுங்கள் (என் ரூ.42,500 போன கதை)

பழைய இத்தாலி ஸ்கூட்டர் வைத்திருக்கும் மதுரைக்காரர்கள், பக்கத்து திண்டுக்கல், விருதுநகர், தேனிக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுதுகிற எனக்குப் பொறுமை இல்லை. நேற்று ராத்திரி வரைக்கும் பணம் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் சாமான் விற்ற ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். ரூ.42,500. ஒரு கிராங்க் ஷாஃப்ட்டும் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஒரு பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), பிஸ்டன் செட்டும் என்று சொல்லி வாங்கியது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

என்னுடையது லாம்ப்ரெட்டாவில் எல்ஐ 150 என்ற மாடல், இரண்டாம் சீரீஸ். 60களில் பம்பாய் ஏபிஐ கம்பெனி இத்தாலிக்காரர்களிடம் லைசென்ஸ் வாங்கிக் கட்டிய வண்டி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அழகர்கோவில் ரோட்டில் ஒரு சுற்று போய்வருவேன். வெஸ்பாவில் என்ஜின் வலது பக்கம் தொங்கும். இதில் நடுவில் படுத்துக் கிடக்கும். பின் சக்கரத்தைச் சுற்றுவது, என்ஜின் கூட்டுக்கு உள்ளேயே ஆயிலில் ஓடுகிற செயின். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். தெரியாதவர்கள், பெட்ரோலில் 2டி ஆயில் ஊற்றிக்கொண்டு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்கிறார்கள்.

கொஞ்ச நாளாக முறுக்கினால் கடகட என்று ஒரு சத்தம். தெற்குவாசல் பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார், அவரிடம்தான் எப்போதும் விடுவேன். பிரித்துப் பார்த்து, “பிக் எண்ட், ராடு கிராங்க்ல மாட்டுற பேரிங், போச்சுண்ணே. ராடு மட்டும் மாத்தலாம்னா முன்னாடி எவனோ மாத்தி, கிராங்க் பின் மாட்டுற ஓட்டையைக் கெடுத்து வச்சிருக்கான். கிராங்க்கே வேணும்” என்றார். பிளாக்கும் தேய்ந்திருந்தது. சரி, தேடலாம் என்று பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செல்போன் செயலியில் போய்த் தேடினேன். அங்கேதான் அந்த விளம்பரம். “இன்னொசெந்தி ஒரிஜினல், பெட்டி பிரிக்காத இத்தாலி சரக்கு.” இன்னொசெந்தி என்பது லாம்ப்ரெட்டாவைத் தயாரித்த இத்தாலிக் கம்பெனி.

அவன் எப்படி நம்ப வைத்தான் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் போனில் பணப் பேச்சே எடுக்கவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் விசாரிப்பது மாதிரி வண்டியின் பூர்வீகம் முழுக்கக் கேட்டான். சேஸிஸ் நம்பர் எதில் ஆரம்பிக்கிறது, கார்பரேட்டர் டெல்லோர்ட்டோ எம்ஏ 19 தானா, வேறு எதையாவது மாட்டிவிட்டார்களா, பிளாக்கின் போரை (உள்விட்டத்தை) இதுவரை கடைந்து பெரிசாக்கியிருக்கிறதா. பழைய கிராங்க்கின் போட்டோ அனுப்பச் சொன்னான். பார்த்த உடனே, “அண்ணே, இதோட இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க, என்ஜின் கேஸையும் சேர்த்துத் தின்னுடும்” என்றான். பாய் சொன்னதையே சொல்கிறானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் மிலான் லாம்ப்ராத்தே ஆலைக் கதை. 1947இல் முதல் வண்டி வந்தது, 1971இல் இன்னொசெந்தி ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்தியது, அந்த இயந்திரங்களை நம் அரசு வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவை ஆரம்பித்தது, எல்லாம் சொன்னான். எல்லாம் சரியாகவே சொன்னான். நானும் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மதுரையில் இதையெல்லாம் பேச எத்தனை பேர் கிடைப்பார்கள், சொல்லுங்கள்.

வீடியோ காலில் வந்தான். சிவப்பு ரெக்ஸின் ஸ்டூலின் மேல் வைத்து, பழுப்பேறிய கிரீஸ் பேப்பரை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தான். உள்ளே மினுமினு என்று கிராங்க். கிராங்க்கின் பக்கத் தட்டில் அடித்திருந்த எழுத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினான். கூடவே, “கோயம்புத்தூர்ல ஒரு பார்ட்டி கேட்டுட்டே இருக்கார். உங்களுக்குன்னா சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்” என்றான். செயலி வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடித்துக்கொள்கிறார்கள், நேரடியாகப் போட்டால் கூரியர் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பத்தாயிரம் அட்வான்ஸ். பார்சல் கட்டிய போட்டோ வந்ததும் மீதி முப்பத்திரண்டாயிரத்து ஐநூறு. இரண்டும் ஒரே நம்பருக்கு. மொத்தம் ரூ.42,500.

பார்சல் வந்தது. அதுதான் கொடுமை. வராமல் இருந்திருந்தால் நேராக மோசடி என்று எழுதிக் கொடுத்திருக்கலாம்.

பாய் கடையில்தான் பிரித்தோம். கிரீஸைத் துணியால் துடைத்தார். அந்தப் பழைய பேப்பரில் டீ டிகாக்ஷன் வாசம். நனைத்துக் காயவைத்திருக்கிறார்கள்! எழுத்தின் மேல் விரலை வைத்தேன், நகம் மாட்டியது. பஞ்ச் வைத்து அடித்த எழுத்து; ஓரத்தில் பிசிறு அப்படியே நிற்கிறது, ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக. பாய் ஒன்றும் பேசாமல் என் வண்டியின் மேக்னெட்டை (கிராங்க் முனையில் மாட்டும் காந்தச் சக்கரம்) எடுத்து, கிராங்க்கின் டேப்பரில், அதாவது கூம்பாகச் சரியும் முனையில், சொருகினார். பாதி கூட உள்ளே போகவில்லை. டேப்பரில் மார்க்கர் பேனாவால் கோடு கோடாக இழுத்து, மறுபடி சொருகி, எடுத்துக் காட்டினார். முனைப் பக்கம் ஒரு மெல்லிய வளையம் மட்டும் அழிந்திருந்தது. மற்ற இடத்தில் மை அப்படியே இருந்தது.

“இது ஜிபி கிராங்க்ணே. டேப்பர் பெருசு. உங்க எல்ஐ மேக்னெட் இதுல உக்காராது.”

விஷயம் இதுதான். லக்னோவுக்கு வந்தது கடைசி மாடலான ஜிபியின் அச்சுகள். அதனால் நம் ஊரில் ஜிபி வகை கிராங்க்தான் நிறையச் சுற்றுகிறது. அதில் மேக்னெட் உட்காரும் டேப்பர் எல்ஐயை விடத் தடிமன். ஜிபி வண்டிக்கு அது நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதில் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கடையில் கிடைக்கும் இந்திய கிராங்க்கை எழுத்து அடித்து, டீயில் நனைத்த பேப்பரில் சுற்றி, இத்தாலி என்று விற்றிருக்கிறான். பிளாக் அதை விட மோசம். சில்வர் பெயின்ட் அடித்த பழைய பிளாக். சூட்டைத் தணிக்கும் ஃபின் தகடுகளில் ஒடிந்த ஒன்றை எம்சீல் வைத்து ஒட்டி, அதன் மேலும் பெயின்ட். எல்ஐ 150க்கு போர் 57 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் வைத்தால் 58ஐத் தாண்டுகிறது. கூட வந்த பிஸ்டன் உள்ளே கலகல என்று ஆடியது.

போன் போட்டேன். எடுத்த எடுப்பில், “உங்க மெக்கானிக்குக்கு லாம்ப்ரெட்டா தெரியாதுண்ணே.” பாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கி அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள், “வேற மேக்னெட் என்கிட்ட இருக்கு, ஒன்பதாயிரம் போடுங்க, மேட்ச் ஆயிடும்” என்றான். அதாவது அவன் அனுப்பிய தப்பான சாமானுக்குப் பொருத்தமாக நான் இன்னும் பணம் கட்டி என் வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மாட்டேன் என்றதும், திருப்பி அனுப்புங்கள், கைக்கு வந்ததும் பணம் போடுகிறேன் என்று ஒரு முகவரி கொடுத்தான். அனுப்பினேன். அப்படி ஒரு கடையே இல்லை என்று பார்சல் திரும்பி வந்தது. இரும்பு கனத்துக்குக் கூரியர் காசு எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இந்த ரூ.42,500 கணக்கில் வராது. அப்புறம் ஒரு பெண் குரலில் வாய்ஸ் மெசேஜ், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று. ‘அண்ணே’ போய் ‘சார்’ ஆனது, ‘சார்’ போய் ‘ஜி’ ஆனது. “ஜி, பிராசஸ்ல இருக்கு.” இன்று காலை பிளாக்.

செயலிக்காரர்களிடம் புகார் போட்டேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில். கருத்தா? வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று அதற்குக் கீழே ஒரு கேள்வி. பேங்கில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஸ்டேஷனில் பார்சல் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது என்றேன். அப்போது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். இதற்கு நடுவில் அந்த விளம்பரம் வேறு பெயரில் மறுபடி ஓடுகிறது. அதே சிவப்பு ஸ்டூல், அதே பேப்பர். விலை மட்டும் ரூ.45,000.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. முக்கியமானது மட்டும்: செயலிக்கு வெளியே ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். டேப்பரின் இரண்டு முனையிலும், பிளாக் போரிலும் வெர்னியர் வைத்து அளந்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். எழுத்தைப் பார்த்து இத்தாலி என்று நம்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்காதீர்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நான் இந்த வாரம் மனு போடுகிறேன்.

இதே சிவப்பு ஸ்டூல் ஆளிடம் வேறு யாராவது ஏமாந்திருந்தால் பணம் போட்ட ரசீது, பேசிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம். நல்ல எல்ஐ கிராங்க் யாரிடமாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். நேரில் வந்து, மேக்னெட்டைக் கையில் கொண்டுவந்து, சொருகிப் பார்த்துத்தான் காசு.