விறகா, கேஸா, ஸ்பிரிட்டா: கொல்லையில் எந்த நெருப்பு?

கொல்லைப்புறத்தில் ஒரு ஃபயர் பிட், அதாவது சுற்றி உட்கார்ந்து குளிர்காய நெருப்பு மூட்டும் சட்டியோ குழியோ, வைக்கலாம் என்று பேச்செடுத்தால் அழகு, புகை, செலவு என்றுதான் விவாதம் போகும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இது எந்த நேரத்தில் கையைச் சுடும்? விறகு, அணைந்த பிறகு சுடும். கேஸ், பற்றவைப்பதற்கு முன்பே பதுங்கியிருக்கும். ஸ்பிரிட் (எரிசாராயம்), நடுவில் மறுபடி ஊற்றும்போது பாயும். நமக்கு எப்போது கவனம் தப்பும் என்பது நமக்கே தெரியும். அதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

விறகில் ஆரம்பிக்கிறேன், சூடு பட்டது அதில்தான். ஒருநாள் காலையில் முந்தின இரவின் சாம்பலை அள்ளி பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். மேலே கை வைத்தால் சில்லென்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். போய்ப் பார்த்தால் தொட்டியின் அடி ஒரு பக்கம் உருகி, இளகிய மெழுகு மாதிரி தரையில் வழிந்திருந்தது. உள்ளே கோலிக்குண்டு அளவில் இரண்டு கங்கு. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? சாம்பல் கங்குக்குப் போர்வை. ஒரு நாள் தாண்டியும் அதைச் சூடாகவே வைத்திருக்கும்.

அதனால் விறகு என்றால் அணைப்பதும் வேலையில் ஒரு பாதி. கட்டைகள் எரிந்து அடங்கியதும் பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும். கம்பியால் கிளறி, மறுபடி ஊற்றி, 'உஸ்' சத்தம் நின்றதும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. சாம்பல் போக வேண்டிய இடம் மூடி போட்ட இரும்பு வாளி, அதுவும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல்.

பொறி இன்னொரு தலைவலி. வீடு, வேலி, கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி, மேலே கிளை இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். தடுப்பு எதுவும் இல்லாமல் தரையில் மூட்டுவதானால் 25 அடி. காற்று வீசும் நாளில் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த விறகு அவ்வளவாகப் புகையாது, வெடிக்காது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், கரையான் மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றைப் போட்டால் நச்சுப் புகைதான்.

விறகிலும் ரகம் உண்டு. மண்ணில் தோண்டிய குழிக்குச் செலவில்லை. ஆனால் அருகில் மரம் இருந்தால் வேர் வழியே நெருப்பு மண்ணுக்குள் ஊரும். சுற்றிலும் ஆற்றுக் கூழாங்கல் அடுக்கக்கூடாது: உள்ளே ஊறிய நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும், கல் வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். புகையில்லா வகை என்று விற்கும் இரட்டைச் சுவர் சட்டியில், சுவர்களுக்கு நடுவே சூடான காற்று விளிம்பில் வெளியேறிப் புகையையும் எரித்துவிடும். நல்ல வேலைப்பாடுதான். புகை இல்லையென்று எல்லோரும் நெருங்கி உட்காருவார்கள், அங்கேதான் வினை. வெளிச்சுவரும் கொதிக்கும். புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். கூரைக்கு அடியிலோ மூடிய இடத்திலோ வைக்கக்கூடாது.

கேஸில் பொறி இல்லை, சாம்பல் இல்லை, திருகை மூடினால் அணைந்தது. ஆனால் சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால், அதற்குள் சட்டியின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கிவிடும். தீ முதலில், கேஸ் அப்புறம். பற்றவில்லையா, மூடிவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். சிலிண்டர் இருக்கும் அறைக்கு அடிப்பக்கம் காற்றுத் துளை வேண்டும். டியூப் இணைப்பில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகக் காட்டிக்கொடுக்கும். காற்றில் சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அமைப்பு இல்லாத சாதனத்தை நான் வாங்கவே மாட்டேன். தீ கைமீறினால் தண்ணீரைத் தேடாமல், எட்ட முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். முடியாவிட்டால் விலகிப்போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

ஸ்பிரிட் சட்டி மேஜைமேல் பார்க்க லட்சணமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் சில சமயம் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்தால் தீ பாட்டிலுக்குள் ஏறி, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பீய்ச்சியடிக்கும். முழுக்க ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும் என்பது விதி. விருந்து நடுவில் அவ்வளவு பொறுமை யாருக்கு? என்னைக் கேட்டால் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

எது வாங்கினாலும் பெட்ரோல் கிட்டே வரக்கூடாது. தீக்குச்சி தொடுவதற்கு முன்பே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். நைலான் உடை உருகித் தோலோடு ஒட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம்.

இடம் சின்னது, வேலி பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகள் ஓடுவார்கள் என்றால் கேஸ். இடம் தாராளமாக இருந்தால் விறகின் சடசடப்புக்கு ஈடில்லை, நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் எல்லோரும் உள்ளே போன பிறகு, தூக்கம் சொக்கும் நேரத்தில், இரண்டாவது வாளித் தண்ணீர் தூக்கி வர உடம்பு வணங்காது என்றால் நீங்களும் கேஸ் பக்கம் போய்விடுங்கள்.