எம்.பி.யா, மாகாண சபை உறுப்பினரா: மருமகனுக்கு நான் சொன்னது

2024 ஒக்டோபரில் பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு முடிய மூன்று நாள் இருக்கும்போது அக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிளை முற்றத்தில் விட்டவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “மாமா, எம்.பி. பட்டியல்ல ஒரு இடம் தாறாங்களாம். நிக்கட்டா, விடட்டா?” என்றான்.

“விடு. மாகாண சபைத் தேர்தல் வரட்டும், அதில் நில்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

சம்பளம், வாகனம், மேடையில் முதல் கதிரை எல்லாம் எம்.பி.க்குத்தான். அதில் பேச ஒன்றுமில்லை.

தேர்தலில் நிற்பவனுக்கு வரும் பாரத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு பாராளுமன்றத்தில் 5 ஆசனம். ஒரு கட்சி 8 பேரை நிறுத்தலாம். வாக்காளர் ஏறத்தாழ நாலரை இலட்சம். வாகரையிலிருந்து துறைநீலாவணை வரை ஓடி விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் தன் இலக்கத்துக்கென்று விழும் வாக்கு, சேர்க்க வேண்டும், அதுவும் சொந்தப் பட்டியலில் இருக்கும் மற்ற ஏழு பேரோடு போட்டி போட்டு. மாகாண சபையில் இதே மாவட்டத்துக்கு 11 ஆசனம். 2012 தேர்தலிலும் விருப்பு வாக்கு முறைதான், ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நாலைந்து கிராமம் ஒன்றாக நின்றால் ஒருவரை உள்ளே அனுப்ப முடியும் என்ற நம்பிக்கை ஊரில் இருந்தது. பணமில்லாத பொடியனுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் அது இல்லை. ஊர்க்காரன் ஒரு கோப்போடு போனால் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதுதான் காரணம்.

2013 இல் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நான் இருந்தேன். கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார், பெயரளவில். வரவுப் பதிவேட்டில் அவருடைய வரிசைக்குக் குறுக்கே சிவப்பு மையில் ‘இணைப்பு’ என்று எழுதி நீளமாகக் கோடு இழுத்திருக்கும். சம்பளம் எங்கள் பாடசாலைக் கணக்கில், படிப்பித்தது நகரத்தில். எங்கள் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்தான் நேரம் கிடைக்கும்போது கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் ஓர் எம்.பி.யிடம் போனோம். நல்ல மனிதர், எங்களை இருத்தித் தேநீர் தந்து, கடிதத் தலைப்பில் அங்கேயே ஒரு கடிதமும் எழுதித் தந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது, அதோடு சரி. எம்.பி.யில் பிழை இல்லை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, தேசியப் பாடசாலைகள் போக மற்றப் பாடசாலைகள் மாகாணத்துக்குரியவை. எங்கள் ஆசிரியரை அசைக்கும் அதிகாரம் கிழக்கு மாகாண சபை இருந்த திருகோணமலையில் இருந்தது. கொழும்பில் இருப்பவருடைய கடிதம் அங்கே ஒரு வேண்டுகோள் மட்டுமே.

பிறகு ஒரு மாகாண சபை உறுப்பினரிடம் போனோம். அவர் தேநீர் தரவில்லை. பதிவேட்டின் நிழற்பிரதி இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த அமர்வில், ‘இணைப்பில்’ வேறு இடம் போன ஆசிரியர் எத்தனை பேர், எந்தெந்தப் பாடசாலையிலிருந்து என்று சபையில் கேள்வியாகவே கேட்டுவிட்டார். கேள்வி என்று வந்துவிட்டால் மாகாணக் கல்வி அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதில் தயாரிக்க அதிகாரி கோப்பைத் திறக்க வேண்டும். கோப்பைத் திறந்தால் சிவப்புக் கோடு கண்ணில் படும். மூன்றாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை ஆசிரியர் எங்கள் பாடசாலைக்கு வந்துவிட்டார். இணைப்பை இரத்துச் செய்த கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிராமிய வைத்தியசாலை, மாகாண வீதி, பிரதேச சபைகள் என்று நம்முடைய அன்றாடத்தில் பாதி அந்தச் சபையின் கையில்தான் இருந்தது. அங்கே கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே எடை அதிகம். ஒரு பாடசாலை, ஓர் உறுப்பினர், என் அனுபவம் அவ்வளவுதான். சபையின் 37 உறுப்பினரும் அப்படி உழைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாகாண சபை உறுப்பினரால் முடியாதவையும் உண்டு. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை மத்திய அரசின் மகாவலி அதிகார சபையின் பிடியில் இருக்கும் நிலம். கல்முனை வடக்கை முழு அதிகாரமுள்ள பிரதேச செயலகமாக்கும் பிரச்சினையும் கொழும்பு அமைச்சில்தான் கிடக்கிறது. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தது ஜப்பான் உதவியில். பாதை என்ற மிதவைப் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றி வாவியைக் கடந்த எங்களுக்கு அந்தப் பாலத்தின் அருமை தெரியும். இப்படிப்பட்ட காரியங்களுக்குப் பாராளுமன்றத்தில் குரல் வேண்டும். 2020 இல் அம்பாறையிலிருந்து நேரடியாக ஒரு தமிழரும் தெரிவாகாதபோது அங்குள்ள எங்கள் சொந்தக்காரர் பட்ட கவலை சின்னதில்லை. அவர்களிடம் போய் மாகாண சபை போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு பொடியன் வேலை பழகுவதற்கும் மாகாண சபைதான் நல்ல இடம். 2020 இல் மட்டக்களப்பில் தெரிவான 5 எம்.பி.க்களைப் பாருங்கள். சந்திரகாந்தன் 2008 இல் கிழக்கின் முதல் முதலமைச்சரானவர். நசீர் அகமட் 2015 முதல் 2017 வரை முதலமைச்சர். கோவிந்தன் கருணாகரம் முன்னர் பாராளுமன்றத்தில் இருந்தவர் என்றாலும் 2012 சபையிலும் உறுப்பினர். ஐந்தில் மூன்று பேர் திருகோணமலையில் இருந்துவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய அரசியல் எனக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறு கதை. கோப்பு எப்படி நகர்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. சபையே இல்லையே? 2017 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. அதே மாதம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். தொகுதி பிரித்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. புது முறையும் நடைமுறைக்கு வரவில்லை, பழைய முறைக்கும் திரும்பவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழ் மாகாண நிர்வாகம் ஓடுகிறது. சம்பளம் போகிறது, இடமாற்றம் நடக்கிறது, ஆனால் ‘இணைப்பு எத்தனை?’ என்று எழுந்து கேட்க ஓர் ஆள் இல்லை. இல்லாத சபைக்குக் காத்திரு என்று சொன்னது சரியா என்று நானும் பல இரவு யோசித்திருக்கிறேன். தேர்தல் இன்னும் பத்து வருடம் இழுபட்டால் என் சொல்லால் அவனுடைய நல்ல வயது வீணாகும். அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு.

தைப்பொங்கலுக்கு வந்தவன் அதைக் கேட்டேவிட்டான். “மாமா, அண்டைக்கு நிண்டிருந்தா?”

“வென்றிருக்கவும் கூடும் தம்பி” என்றேன். உண்மை அதுதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவர்கள் ஊர்ப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஒன்றரை வருடமாக இணைப்பில் இருக்கிறார் என்று சொன்னான். போகும்போது என்னிடமிருந்த அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி கேட்டான். கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.