22 வருட மாருதி 800: வால்வு இல்லாமல் ஓடிய ஆறு வருடம்

பள்ளிக்கூட நண்பன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். அவனுடைய கார் 2010 மாடல், 15 வருடம் முடிந்துவிட்டது. "ஆர்.சி. ரினியூவல் பண்ணி வச்சுக்கவா, இல்ல தள்ளி விட்டுட்டு புதுசு எடுக்கவாடா? ஜி.எஸ்.டி. வேற குறைஞ்சிருச்சே" என்றான். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாக இறங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் வருவது மூன்றாவது முறை. வீட்டு வாசலில் என் 800 நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அவனுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது.

வண்டி 2003 ஜூனில் அப்பா வாங்கியது. ஏ.சி. மாடல், எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டி), நாலு கியர், 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2018லும் 2023லும் ரினியூவல் செய்தாயிற்று. மற்றபடி 800க்கு அறிமுகம் எதற்கு? 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. நம்மில் பாதிப் பேர் ஓட்டப் பழகியதே அதில்தான். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்: இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீர்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், விழுப்புரம் பக்கம் எங்கள் ஊருக்குக் கிளம்பினோம். அம்மா, மனைவி, பையன். பெருங்களத்தூரிலேயே நெரிசல் ஆரம்பித்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் சுத்தமாக நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் நிற்க, பத்தடி நகர. அப்போதுதான் ஹீட் முள்ளைப் பார்த்தேன். வழக்கமாகப் பாதிக்கும் கீழே கிடக்கும் முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஏ.சி.யை அணைத்தேன். முள் இறங்கவில்லை. ஹீட்டரைத் திறந்து, பிளோயரை முழு வேகத்தில் வைத்தேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும் பழைய வழி அது. பின்சீட்டில் அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் வந்தார். ஓரம் கட்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

பானெட்டைத் திறந்தால் ஃபேன் சுற்றவே இல்லை. ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப் போனேன். பக்கத்தில் லாரியை நிறுத்தியிருந்த டிரைவர் இறங்கி ஓடி வந்து கையைப் பிடித்தார். "தொடாதீங்க தம்பி, மூஞ்சியில அடிக்கும். அரை மணி நேரம் விடுங்க." அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அது கொதித்து, ஆவியும் வெந்நீருமாக வெளியே சீறும். அந்த மனிதருக்கு என் முகம் கடன்பட்டிருக்கிறது.

வண்டி டோ செய்துதான் வீடு வந்தது. எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். ஆயில் கேஜை உருவிப் பார்த்தார், பால் டீ நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார், ஹெட்ட இறக்கணும்" என்றார். இன்ஜினுக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கேஸ்கெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே கரிக்கோடு போட்டது போல ஒரு தீய்ந்த தடம். அதைவிட என்னைக் கலங்கடித்தது தண்ணீர் ஓடும் ஓட்டைகள். விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில்தான் நுழையும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் செம்பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. வீட்டு கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், போர் தண்ணீர் காயக் காய உள்ளே என்ன படியும் என்று. அதே உப்புதான், கூடவே இரும்புத் துரு.

அடுத்து தர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தார். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி, சூடானதும் திறக்கும் வால்வு அது. உள்ளே ஒன்றுமே இல்லை. "வால்வு எங்கண்ணே?" என்றேன். "முன்னாடி பார்த்தவர் கழட்டிப் போட்டிருக்கார் சார். வெயில் ஊருக்கு வால்வு எதுக்குன்னு நிறையப் பேர் இப்படித்தான் செய்வாங்க" என்றார். ஃபேன் வயரைத் தடவிக்கொண்டே போய், "இதுவும் டைரக்ட்" என்றார்.

2019 கோடை ஞாபகம் வந்தது. சென்னையில் தண்ணீரே இல்லாமல் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஜூன் மாதம். வண்டி லேசாகச் சூடேறுகிறது என்று அப்போது வழக்கமாகப் போகும் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடித்து 800 ரூபாய் வாங்கினார்கள். "டைரக்ட் பண்ணிட்டோம் சார், இனிமே ஹீட்டே ஆகாது." எனக்கும் சந்தோஷம். உள்ளே ஊற்றியது போர் தண்ணீர். அதன் பிறகு ஆறு வருடம் முள் பாதிக்கும் கீழேதான் கிடந்தது. இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த "டைரக்ட்" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஃபேன் வேண்டிய சூட்டில் மட்டும் ஓட வேண்டியது, அதை சாவி போட்டதும் ஓடும்படி டைரக்ட். வால்வு, கழற்றிவிட்டு டைரக்ட். எந்த சென்சார், ரிலே (கரண்டைத் தானே விட்டு நிறுத்தும் சுவிட்ச்) மக்கர் செய்தாலும் அதைத் தாண்டி ஒரு வயரை இழுத்து டைரக்ட். கோளாறு என்ன என்று யாரும் தேடவில்லை, கோளாறைச் சொல்லும் வாயை அடைத்தார்கள். நாள் முழுக்கச் சுற்றிய ஃபேன் மோட்டாரில் கார்பன் தேய்ந்து, காற்றே இல்லாத நெரிசலில், அது தேவைப்பட்ட ஒரே ஒரு சாயங்காலத்தில் நின்றுபோனது. ஹைவேயில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நின்று நின்று போகும்போதுதான் ஃபேன் வேண்டும்.

வால்வு இல்லாததால் நடந்த நஷ்டம் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. இன்ஜின் ஜில்லென்று ஓடுவது நல்லது என்று நாம் நினைக்கிறோம். இன்ஜினுக்கு என்று ஒரு சூடு இருக்கிறது, அதற்குக் கீழே ஓடினால் ஆயில் சரியாக இளகாது, தேய்மானம் கூடும். இன்ஜெக்ஷன் வண்டியில் இன்னொன்றும் உண்டு. தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சார் கம்ப்யூட்டரிடம் "இன்னும் சூடாகவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதுவும் காலையில் ஸ்டார்ட் செய்ததற்கு ஊற்றுவது போலவே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். எனக்கு லிட்டருக்கு 13 கிலோமீட்டர்தான் கொடுத்தது. வயசாயிடுச்சு, அதான், என்று விட்டுவிட்டேன். இப்போது அதே வண்டி, அதே ரோடு, 16க்குக் குறையவில்லை. ஆறு வருடம் நான் எரித்த பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்க்க மனசு வரவில்லை.

பழைய ஒர்க்ஷாப்காரருக்கு நியாயமும் பேச வேண்டும். அவர் கார்புரேட்டர் வண்டிகளில் தொழில் கற்றவர். அந்த வண்டிகளில் வால்வு இல்லை என்று புகார் சொல்ல சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் இன்ஜின் காலி, அதனால் கழற்றிவிட்டால் நிம்மதி என்று நினைத்திருப்பார். கஸ்டமருக்குக் குறைந்த காசில் வேலை முடிய வேண்டும், நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் கழற்றியதை என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போர் தண்ணீரை ஊற்றியதற்கு மட்டும் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

அண்ணன் செய்த வேலையில் ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. ஜி.பி. ரோட்டில் நானே போய்ப் புது வால்வு வாங்கி வந்தேன். அதை அவர் உடனே மாட்டவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் வாங்கி, தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினார். வால்வின் வாயை விரலால் அழுத்தித் திறந்து ஒரு நூலைக் கவ்வக் கொடுத்து, நூலைப் பிடித்து வால்வைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழி கட்டியது. ஓரத்தில் ஆவி எழுந்தது. தளதளவென்று கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வால்வு வாயைத் திறந்து நூலை விட்டுவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. "இது ஒரிஜினல் சார், மாட்டலாம்" என்றார். டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். புது பார்ட்டை மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் ஒரு கையை 22 வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹெட் லேத்துக்குப் போய், அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவும் ஃபேஸிங் போட்டு வந்தது. ரேடியேட்டர் புதிது. ஃபேன் மோட்டாருக்குப் புதுப்பேட்டைக்குப் போகலாம் என்று முதலில் நினைத்தேன். கதவு, லைட், கண்ணாடி என்றால் பழையது வாங்கலாம், மோட்டார் வேண்டாம் என்று அண்ணன் தடுத்துவிட்டார். எப்படியும் கழற்றுகிறோம் என்று டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் மாற்றினோம். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2003 ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. அதனால் பெட்ரோல் ஹோஸையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். ஃபேன் மறுபடி தன் ரிலே வழியாக ஓடுகிறது. உள்ளே கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் என்றால் பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துருப்பிடிக்காமல் காப்பதே அதன் பாதி வேலை.

மொத்தம் 19,400 ரூபாய். வண்டியை விற்கப் போனால் 40,000 கேட்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் வண்டியின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தயாரிப்பு நின்று 11 வருடம் கழித்தும் ஒரே நடையில் எல்லா பார்ட்டும் கையில் கிடைத்தது. பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கிறது. 12 இன்ச் சக்கரம், எங்கள் தெருவில் ஒரே திருப்பில் திரும்பும். உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஆறு வருடம் ஓடிய இன்ஜின், நாம் கொடுத்த கொடுமையைத் தாங்கித்தான் நின்றது. பொங்கலுக்கு அதே ரோட்டில், அதே பரனூரில், முக்கால் மணி நேரம் நின்றேன். முள் பாதிக்கு வந்து நின்றது. ஃபேன் ஓடும் சத்தம், நிற்கும் சத்தம், மறுபடி ஓடும் சத்தம். ரேடியோவை அணைத்துவிட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பனுக்கு நான் எழுதிய பதில்: வித்துடுடா. ரினியூவல் ஃபீஸ் 600 ரூபாயாக இருந்தது 2022லிருந்து 5,000 ஆகிவிட்டது. 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் விதி வந்துவிட்டது. 2028ல் எனக்கே அந்தக் கூடுதல் ஃபீஸ்தான். ஆனால் ஃபீஸ் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருவது, அதைச் சமாளித்துவிடலாம். பழைய காரைக் காப்பாற்றப் பணத்தைவிட ஆள் வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், கழற்றிய ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், நேர்மையான ஒரு மெக்கானிக் கிடைக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவனால் அது நடக்காது. தெரியாத கையில் விட்டுவிட்டு ஆறு வருடம் கழித்து அதற்கு விலை கொடுப்பதற்கு, புதிதாக வாங்கி வாரண்டியில் ஓட்டலாம்.

அனுப்பியதோடு ஒன்று சேர்த்துச் சொன்னேன். விற்கிறாயோ வைத்துக்கொள்கிறாயோ, நாளைக்குக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், ஆறிக் கிடக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே என்ன நிறம் என்று பார்.

நேற்றுக் காலை ஆறரைக்கு போட்டோ அனுப்பியிருக்கிறான். மூடியின் அடிப்பக்கம் முழுக்கத் துரு, உள்ளே செம்மண் குட்டை. கீழே ஒரு வரி: "இதக் காப்பாத்த முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனிடமும் பேசிவிட்டேன்.