என் தங்கச்சியின் சீட்டை 42,000 ரூபாய் கொடுத்து நானே தொலைத்தேன் (இன்ஜினியரிங் கவுன்சலிங் போகிறவர்கள் படியுங்கள்)

கோபத்தில் எழுதுகிறேன். முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்குக் கவுன்சலிங்கில் சீட் வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்கிய ஆள், இன்று மத்தியானம்தான் என் நம்பரை பிளாக் செய்தார். போனது 42,000 ரூபாய். பணம் மட்டும் போயிருந்தால் ரெண்டு மாசம் ஓவர்டைம் பார்த்துத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பன்னிரண்டாவதோடு நின்றவன். அப்பா இல்லை. தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கட்-ஆஃப் போடத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கணக்கு மார்க் அப்படியே, மற்ற ரெண்டும் பாதிப் பாதி, மொத்தம் 200-க்கு. 92, 44, 45. ஆக 181. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. ஆனால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டு. இதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும். மே மாசத்தில் ஒன்றும் தெரியாது.

ரிசல்ட் வந்த அன்றைக்கு மறுநாளே போன் வந்தது. எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற கல்வி வழிகாட்டி மையம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பர் சொல்வதால் போடவில்லை. இந்த மாதிரி மாடி எல்லா ஊரிலும் இருக்கிறது, உங்கள் ஊரிலும் இருக்கும்.

நாங்கள் போனதும் அந்த மையத்துக்காரர் டீ வரவழைத்தார். தங்கச்சியைப் பார்த்து "உட்காரு அம்மிணி" என்றார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 92, 44, 45 என்று எழுதிக் கூட்டி, 181-ஐச் சுற்றி ரெண்டு வட்டம் போட்டார். "இந்த மார்க்குக்கு நல்ல காலேஜ் கிடைக்கும் தம்பி. ஆனா 400 காலேஜுக்கு மேல இருக்குது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோட் நம்பர், ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு கோட் நம்பர். வரிசை ஒண்ணு மாறிப் போட்டாலும் நாலு வருஷம் போச்சு." அந்தக் கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை. சொன்ன ஆளே அதை எங்களுக்குச் செய்து காட்டினார்.

அப்பா எப்போது போனார், அம்மாவுக்கு என்ன வேலை, நான் எந்தக் கம்பெனி என்று எல்லாம் விசாரித்தார். "நானும் அப்பன் இல்லாம வளந்தவன்தான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் என்னை உட்கார வைத்து யாரும் இப்படிப் பேசியதில்லை. 12,000 ரூபாய் ஃபீஸ் என்றபோது குறைத்துக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே ஜிபேயில் போட்டேன். போன பெயர் ஒரு பெண் பெயர். "வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்" என்றார். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் 12,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

(அப்ளிகேஷன் போட அரசாங்கத்துக்குக் கட்டுவது 500 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 250. அதையும் எங்களிடம் தனியாக வாங்கிக்கொண்டார்.)

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பதிவு செய்யும்போது போன் நம்பர், மெயில் ரெண்டுக்கும் அவர் தன்னுடையதையே போட்டார். தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, ஓடிபி நம்ம போனுக்குத்தான் வரணும்னு மிஸ் சொன்னாங்க." அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணன் மிஷின் சத்தத்துல நிக்கிறவரு, ஓடிபி வந்தா எடுப்பாரா? அஞ்சு நிமிஷத்துல போயிரும் அம்மிணி" என்றார். நான் அவளைப் பார்த்து, "சாருக்குத் தெரியாதா? நீ சும்மா இரு" என்றேன். என் வாயால் சொன்னேன். எல்லோர் முன்னாலும். அதற்கப்புறம் அவள் அந்த மாடியில் வாயே திறக்கவில்லை.

ரேண்டம் எண்ணைப் பெரியதாக வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது கம்ப்யூட்டர் போடுகிற பத்து இலக்க எண். ரெண்டு பேருக்குக் கட்-ஆஃப் ஒன்றாகி, பாட மார்க், பிறந்த தேதி எல்லாம் பார்த்தும் பிரியாவிட்டால் கடைசியில்தான் அதைப் பார்ப்பார்கள். நான் "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் கவரோடு கேட்டார். "வெரிஃபிகேஷனுக்கு வேணும்." கொடுத்தோம். வெரிஃபிகேஷன் ஆன்லைனில் ஸ்கேன் காப்பியை வைத்தே நடக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஜூலையில் ரெண்டாவது அடி. "கவுன்சலிங்ல ஏதாவது சொதப்பிருச்சுன்னா என்ன பண்றது? ஒரு நல்ல காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டு பிளாக் பண்ணி வெச்சிடறேன். 30,000 கட்டுங்க. கவுன்சலிங்ல கிடைச்சுட்டா முழுசா ரிட்டர்ன்." அம்மா கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு பாங்கில் வைத்தோம். 12,000-மும் 30,000-மும் சேர்ந்து 42,000 ரூபாய். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, அது கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான் என்று அவர் சொல்லவே இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க எங்களைத் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை அலையவிட்டதும் அவரேதான்.

எந்தக் காலேஜ், எந்தப் பாடம் வேண்டும் என்று வரிசையாகப் போடுவதுதான் சாய்ஸ். அதற்குத் தருகிற மூன்று நாள் தொடங்குவதற்கு முன்பே தங்கச்சி ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசை எழுதி வைத்திருந்தாள். சிவப்புப் பேனாவில் கல்லூரியின் கோட் நம்பர், நீலத்தில் பாடத்தின் கோட் நம்பர், 43 வரி. பள்ளியில் ஒரு டீச்சரோடு உட்கார்ந்து, போன வருஷக் கட்-ஆஃப் பார்த்துப் போட்டது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினோம். கட்டைவிரல் பொம்மை போட்டார்.

அலாட்மென்ட் அன்றைக்குச் சாயங்காலம் அவரே போன். "வாழ்த்துக்கள் தம்பி, முதல் சாய்ஸே கிடைச்சிருச்சு!" நான் கம்பெனியிலேயே எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி அவர் அனுப்பிய ஆர்டரைத் திறந்து பார்த்த தங்கச்சி, "அண்ணா, இது என் லிஸ்ட்லயே இல்லையே" என்றாள்.

பிறகு அவர் போட்ட சாய்ஸ் லிஸ்ட்டின் பிடிஎஃப்பை வாங்கிப் பார்த்தோம். அவள் எழுதியது 43. அவர் முடிவாகப் போட்டு லாக் செய்திருந்தது 9. ஒன்பதும் ஒரே அறக்கட்டளையின் ரெண்டு காலேஜ், பாடம் மட்டும் மாற்றி மாற்றி. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம். அலாட்மென்ட் வந்தால் யோசிக்க ரெண்டு நாள் தருவார்கள். ஏற்றுச் சேரலாம், வேண்டாம் என்று அடுத்த ரவுண்டுக்குப் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் தன் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டு "ஏற்றுச் சேர்கிறேன்" என்று அவரே அமுக்கிவிட்டார். முதல் சாய்ஸே கிடைத்ததாகக் கணக்கு ஆகிவிட்டதால் மேலே நகரவும் வழி இல்லை.

அவள் நோட்டில் மூன்றாவது வரியில் இருந்த காலேஜ், அதே பாடம், அதே ரவுண்டில், அவள் வகுப்புத் தோழிக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் கட்-ஆஃப் 179.5. இவளுடையது 181. சமூகப் பிரிவும் ஒன்றுதான். தோழி ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். தங்கச்சி ஹார்ட் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் நாள்: "சர்வர் பிரச்சினை தம்பி, லிஸ்ட் மாறியிருக்கும்." மறுநாள் ரிசப்ஷனில் இருக்கிற பொண்ணு: "சார் மீட்டிங்ல இருக்காரு." அதற்கடுத்த நாள்: "சார் கோயிலுக்குப் போயிருக்காரு." ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு வந்தார். "அந்தக் காலேஜ்ல பிளேஸ்மென்ட் எப்படின்னு தெரியுமா? நாலு வருஷம் கழிச்சு நீங்களே வந்து மாலை போடுவீங்க" என்றார். 43 எங்கே போச்சு என்று கேட்டேன். "அதெல்லாம் கிடைக்காத காலேஜ், எதுக்கு வேஸ்ட்டா போடணும்?" சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், அதற்குக் காசு இல்லை.

அந்த 30,000-ஐயாவது கொடுங்கள் என்றேன். காலேஜுக்குக் கட்டியாகிவிட்டதாம். அந்தக் காலேஜுக்கே பஸ் ஏறினேன். அவள் பெயரில் எந்தத் தொகையும் வரவில்லை, அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றார்கள். சொல்லிக்கொண்டிருந்தவரின் மேசைமேல், பேனா டப்பாவுக்குப் பக்கத்தில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. மேலே இருந்தது என் பர்ஸில் இருக்கிற அதே கார்டு. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். கட்டு டிராயருக்குள் போனது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "நீங்களா விரும்பித்தானே கொடுத்தீங்க?" என்று ஒரு கேள்வி. இருந்தாலும் ஒரு ஏட்டையா நல்ல மனுஷர், அங்கேயே போன் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட் கவர் பைக்கில் வந்து சேர்ந்தது. பணம் வரவில்லை. புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். நேற்று அவர்கள் பக்கமிருந்து ஒரு சமாதானம்: "மனிதாபிமானத்துல 5,000 தர்றோம், புகாரை வாபஸ் வாங்குங்க." 42,000-க்கு 5,000. முடியாது என்றேன். இன்று மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.

இதில் இன்னொரு கொடுமை. அரசாங்கமே மாவட்டத்துக்கு மாவட்டம் உதவி மையம் வைத்திருக்கிறது. டிஎஃப்சி என்பார்கள். அப்ளிகேஷன் போடுவதிலிருந்து சாய்ஸ் போடுவதுவரை அங்கே சொல்லித் தருகிறார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. எங்கள் பக்கத்து மையம் நான் தினமும் வண்டியில் கடந்துபோகிற ஒரு காலேஜுக்குள்தான் இருக்கிறது. வாசலில் ஃபிளெக்ஸ்கூடக் கட்டியிருந்தார்கள். நான் படிக்கவில்லை. கவுன்சலிங் முடிந்தபிறகு அங்கே போய் நின்றேன். அங்கிருந்த மேடம் பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இந்த வருஷம் இது எத்தனாவதோ தெரியல தம்பி" என்றார். முதல் பட்டதாரி விவரத்தைச் சொன்னதும் அவர்தான். நன்கொடை வாங்கத் தடை போட்டு 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாகிவிட்டது என்று சொன்னதும் அவர்தான்.

உங்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். பதிவில் உங்கள் சொந்த நம்பரையும் மெயிலையும் போடுங்கள், பெற்ற தாயே கேட்டாலும் ஓடிபியைப் பிள்ளையைத் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள். சாய்ஸைப் பிள்ளையே போடட்டும், நேரம் முடிவதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரிஜினலைக் கண்ட மாடியில் கொடுக்காதீர்கள். பிள்ளை ஏதாவது சந்தேகம் கேட்டால் சும்மா இரு என்று சொல்லாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். தங்கச்சி காலேஜுக்குப் போகிறேன் என்றே சொல்லிவிட்டாள், ஒரு வருஷம் வீணாக வேண்டாமாம். ஹாஸ்டல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

எழுதுவதற்குக் கொஞ்சம் முன்னால் கூட வேலை செய்கிற பையனின் போனிலிருந்து அந்த ஆள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

"வணக்கமுங்க, சொல்லுங்க தம்பி. கட்-ஆஃப் எவ்வளவு?"