மாற்றுச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கினால்: மாத்திரையா, ஸ்டென்ட்டா, கத்தியா?

மாற்றுச் சிறுநீரகத்தை வைப்பது முதுகுப் பக்கம் இல்லை, அடிவயிற்றில். அதன் தமனியைப் பெரும்பாலும் காலுக்குப் போகும் பெரிய தமனியோடு தைக்கிறார்கள். சிலருக்கு, பெரும்பாலும் 3 மாதத்துக்கும் 2 வருடத்துக்கும் இடையில், அந்தத் தையலை ஒட்டிக் குழாய் சுருங்கிவிடுகிறது. ரத்தம் குறைவாக வருவதால் உடம்பில் அழுத்தமே இல்லை என்று நம்பி, சிறுநீரகம் பி.பி.யை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரந்து தள்ளும். மூன்று நான்கு மாத்திரை போட்டும் பி.பி. இறங்காது, கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறும். அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் 'உஸ்... உஸ்...' என்று கேட்கலாம். நல்ல சிறுநீரகத்திலும் சில நேரம் கேட்கும் என்பதால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும்.

சுருக்கம் லேசாக இருந்து கிரியாட்டினினும் நிலையாக இருந்தால் மாத்திரையோடு காத்திருப்பதே என் ஓட்டு. எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை பி.பி. மாத்திரைகளில் மட்டும் கவனம் வேண்டும். வேலை செய்வது அந்த ஒற்றைச் சிறுநீரகம்தான். சுருக்கம் அதிகமிருந்தால் இவை வடிகட்டும் அழுத்தத்தைக் குறைத்து, சில நாளிலேயே கிரியாட்டினினை ஏற்றிவிடும். அந்த ஏற்றத்தை வைத்தே நோயைச் சந்தேகித்த மருத்துவர்களும் உண்டு.

சுருக்கம் கடுமை என்றால், குழாய்க்குள் பலூனைச் செலுத்தி விரிப்பது. சிறுநீரகத் தமனியை 1970-களிலேயே பலூனால் விரித்தவர் ஆன்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் என்ற ஜெர்மன் மருத்துவர். வெறும் பலூன் என்றால் குழாய் மறுபடி சுருங்கும் வாய்ப்பு கூடுதல். ஸ்டென்ட் என்ற சிறு வலைக் குழாய் அதை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். படமெடுக்கச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தே சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத சிக்கல் அப்புறம்தான் வருகிறது: ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சில மாதம் தொடர வேண்டும். இடையில் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறதோ என்று சந்தேகம் வந்து பயாப்ஸி (ஊசியால் சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுக்கும் சோதனை) எடுக்கவேண்டி வந்தால், மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம், நிறுத்தாமல் ஊசி போட்டால் ரத்தக் கசிவு. அதனால் ஸ்டென்ட்டுக்கு முன்பே பயாப்ஸி தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது.

கத்தி, அதாவது அறுவை? பல மாதம் கழித்து என்றால் எனக்குத் தயக்கம்தான். சுற்றிலும் தழும்பு இறுகியிருக்கும். சிறுநீரகமே கைவிட்டுப் போகலாம். ஆனால் முதல் சில நாளிலேயே குழாய் மடங்கிக்கொண்டால் திறந்து சரிசெய்வதே மேல். பச்சைத் தையலில் பலூன் விரித்தால் கிழிந்துவிடும் பயம் உண்டு.

அதே நாட்களில் நன்றாக வந்துகொண்டிருந்த சிறுநீர் திடீரென்று நின்றால் கதை வேறு. ரத்தம் உறைந்து குழாய் முழுதாக அடைத்திருக்கலாம். அப்போது அறுவை அரங்குக்கு ஓடவேண்டியதுதான், ஒப்பிட்டுப் பார்க்க நேரம் கிடையாது.